முடி மாற்று சிகிச்சை: முறைகள் பிறந்த வரலாறும் நம் இளைஞர்கள் முன்னுள்ள தெரிவும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள குத்தம்பாக்கத்திலிருந்து நகரை நோக்கி வருவோர், பூந்தமல்லியைத் தாண்டியதும் விளம்பரப் பலகைகளின் உலகுக்குள் நுழைந்துவிடுகின்றனர். வீட்டுமனை, நகைக்கடை, பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் நடுவே முடி மாற்று சிகிச்சைக்கும் இப்போது ஓரிடம் கிடைத்திருக்கிறது. எஃப்யூடி, எஃப்யூஇ, டிஹெச்ஐ, சஃபையர், ரோபோ என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. நிக்காஹ் பேச்சு தொடங்கிய வீட்டில், இருபத்தைந்து வயதில் முன்நெற்றி ஏறிவிட்ட ஒரு பிள்ளை இப்பெயர்களுள் எதை நம்புவது என்று கைபேசியில் தேடிக்கொண்டிருப்பது இன்று நம் குடும்பங்களில் புதிய காட்சியன்று. மாப்பிள்ளைக்கு வழுக்கை என்று சம்பந்தம் தட்டிப்போன வீடுகளும் நம்மிடையே உண்டு. ஆகவே இதனை வெறும் அலங்கார ஆசை என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

இப்பெயர்கள் ஒவ்வொன்றும் எப்போது, எதற்காகப் பிறந்தன என்று அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தானே நீங்கிவிடும். எனவே வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

முடி உதிர்வைப் பற்றி மருத்துவர்கள் எழுதத் தொடங்கியது மிகப் பழங்காலத்திலேயே. நாம் ‘புழுவெட்டு’ என்று சொல்லும் நோய்க்கு நெருக்கமான ஒன்றை அரபு மருத்துவர்கள் ‘தாஉஸ் ஸஃலப்’, அதாவது நரியின் நோய் என்று அழைத்தனர். சொறி பிடித்த நரியின் உடலில் முடி திட்டுத் திட்டாக உதிர்வதைக் கண்டு வைத்த பெயர் அது. இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலிலும் அந்நோய்க்கு இடமுண்டு. ஆனால் அவர்கள் கையாண்டவை பூச்சுகளும் உணவு ஒழுங்குகளுமே. ஓரிடத்து முடியை வேரோடு எடுத்து இன்னோரிடத்தில் நட்டால் அது உயிர்க்குமா என்ற கேள்வியை முறைப்படி சோதித்தவராக வரலாற்று நூல்கள் காட்டுபவர் ஜெர்மனியைச் சேர்ந்த யோஹான் ஃப்ரீட்ரிக் டீஃபன்பாஹ். 1822இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் சமர்ப்பித்த ஆய்வு இதைப் பற்றியதே. தம் தலையிலிருந்து ஆறு முடிகளை எடுத்துத் தம் கையிலேயே ஊசித்துளை இட்டு நட்டார். அவற்றுள் இரண்டு வேர்பிடித்தன. பின்னாளில் ஐரோப்பாவின் பெரும் அறுவை மருத்துவர்களுள் ஒருவராக விளங்கிய அவர், இந்த வழியில் மேற்கொண்டு செல்லவில்லை.

அடுத்த பெரிய அடி ஜப்பானில் எடுத்து வைக்கப்பட்டது. 1939இல் ஷோஜி ஒகுடா என்னும் தோல் மருத்துவர், 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள வட்டக் குழல்கத்தியால் முடியுள்ள தோலைச் சிறு வட்டங்களாக வெட்டி எடுத்து, முடி இல்லாத இடத்தில் பொருத்தும் முறையை வெளியிட்டார். அவரிடம் வந்தவர்கள் அழகு தேடி வந்தவர்கள் அல்லர். தீக்காயத்தால் தலையில் வடுப்பட்டவர்கள், புருவத்தை இழந்தவர்கள். 1943இல் ஹஜிமே தமுரா என்னும் மற்றொரு ஜப்பானியர், வட்டங்களைவிட மிகச் சிறிய துண்டுகளாக, ஒற்றை ஒற்றை முடியாக நட்டால் இயற்கைத் தோற்றம் கிடைக்கும் என்று எழுதினார். 1953இல் கெய்இச்சி ஃபுஜிடா தொழுநோயால் புருவம் உதிர்ந்தவர்களுக்கு இச்சிகிச்சையைச் செய்தார். தொழுநோய் குணமான பின்னும் புருவமற்ற முகம் ஒரு மனிதனைத் தொழுநோயாளி என்றே ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த முத்திரையை அழிப்பதற்கு முடி நடப்பட்டது. இத்துறையின் தொடக்கம் துயருற்றவர்களின் முகத்தை மீட்பதில்தான் இருந்தது என்பதை இன்றைய விளம்பரங்கள் நமக்குச் சொல்வதில்லை.

இந்த ஆய்வுகள் ஜப்பானிய மொழியில் இருந்தன. உலகப் போரும் குறுக்கிட்டது. மேற்கத்திய மருத்துவ உலகம் அவற்றைப் படிக்கவேயில்லை. தமுரா 1943இல் கண்ட சிறுதுண்டு முறையை மேற்குலகம் மீண்டும் கண்டுபிடிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

அதற்கிடையில் நியூயார்க்கில் நார்மன் ஒரென்ட்ரைக் என்னும் தோல் மருத்துவர் 1952இல் ஆண்களின் வழுக்கைக்கு முதன்முறையாக முடி நட்டார். அவர் எழுதிய கட்டுரையை இதழ்கள் எளிதில் ஏற்கவில்லை. வழுக்கை விழுந்த மண்ணில் எதை நட்டாலும் அதுவும் உதிரத்தானே செய்யும் என்பது அக்கால நம்பிக்கை. 1959இல் கட்டுரை வெளிவந்தது. பின்தலையிலும் பக்கங்களிலும் உள்ள முடி, எங்கே கொண்டுபோய் நட்டாலும் தன் பிறப்பிடத்தின் குணத்தையே கொண்டிருக்கும் என்று அவர் காட்டினார். வழுக்கை முற்றியவர்களுக்கும் காதுக்கு மேலும் பிடரியிலும் முடி நிலைத்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த முடியை முன்னே கொண்டுவந்தால் அங்கேயும் அது நிலைக்கும். இன்று எந்தப் பெயரில் எந்த முறை விற்கப்பட்டாலும் அத்தனைக்கும் அடித்தளம் இந்த ஒரு கண்டுபிடிப்புதான்.

ஆனால் ஒரென்ட்ரைக் வெட்டிய வட்டங்கள் பெரியவை. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒவ்வொரு வட்டத்திலும் பதினைந்து, இருபது முடிகள். கடையில் விற்கும் பொம்மையின் தலையில் கற்றை கற்றையாகக் குத்தி வைத்திருப்பார்களே, அப்படி ஒரு தோற்றம். எண்பதுகள் வரை முடி நட்டுக்கொண்டவர்கள் பலர் அந்தத் தோற்றத்தோடுதான் வாழ்ந்தனர். ‘முடி நட்டால் தெரிந்துவிடும்’ என்ற பேச்சு அக்காலத்தின் எச்சம்.

1984இல் ஹெடிங்டன் என்னும் மருத்துவர் தலைத்தோலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, முடிகள் தனித்தனியே முளைப்பதில்லை, ஒன்று முதல் நான்கு வரையான சிறு குடும்பங்களாகவே முளைக்கின்றன என்று விளக்கினார். அக்குடும்பத்துக்குத் தனியான எண்ணெய்ச் சுரப்பியும் சிறுதசையும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பாபி லிம்மர் 1988 முதல் இந்தக் குடும்பங்களையே அலகாகக் கொண்டு நடத் தொடங்கி, 1994இல் தம் முறையை வெளியிட்டார். பின்தலையிலிருந்து ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நாடாவைப் போலத் தோலை வெட்டி எடுத்துத் தையல் போட்டுவிடுவார்கள். அந்த நாடாவை உதவியாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வேர் அறுபடாமல் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பார்கள். இதுவே எஃப்யூடி.

இதன் நிறை, வேர்கள் அதிகம் சேதமின்றிக் கிடைப்பது. குறை, காது முதல் காது வரை நீளும் ஒரு கோட்டு வடு. முடியைச் சற்று நீளமாக வைத்திருப்பவருக்கு அது தெரியாது. நமக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு உண்டு. ஹஜ்ஜிலும் உம்ராவிலும் தலையை மழித்துக்கொள்பவர்கள் நாம். மழித்த தலையில் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும்.

அந்தக் கோட்டைத் தவிர்க்கவே அடுத்த முறை பிறந்தது. ஜப்பானில் மசுமி இனபா 1988இல் 1 மில்லிமீட்டர் அளவுள்ள கருவியால் முடிக் குடும்பங்களைத் தனித்தனியே எடுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் ரே வுட்ஸும் அவ்வாறே செய்துவந்தார். 2002இல் அமெரிக்காவின் ராஸ்மன், பெர்ன்ஸ்டைன் ஆகியோர் அதை முறையாக விளக்கி, எஃப்யூஇ என்ற பெயரில் மருத்துவ இதழில் வெளியிட்டனர். தையல் இல்லை, நீண்ட வடு இல்லை. பின்தலை முழுவதும் புள்ளி புள்ளியாகச் சிறு வடுக்கள் மட்டும் இருக்கும். அளவோடு எடுத்திருந்தால் மழித்தாலும் அவை எளிதில் கண்ணில் படா. அளவு மீறி எடுத்தால் பின்தலை பூச்சி அரித்த துணிபோலாகிவிடும். அதற்கு மருந்தில்லை, ஏனெனில் எடுத்த இடத்தில் முடி மீண்டும் முளைப்பதில்லை. நாம் முடியைப் பெருக்கவில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறோம். பின்தலை ஒரு சேமிப்பு. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சில ஆயிரம் குடும்பங்களே அதில் உள்ளன. இருபத்திரண்டு வயதில் அனைத்தையும் எடுத்து முன்நெற்றியில் நட்டுவிட்டால், நாற்பதில் உச்சி வெளுக்கும்போது கையில் ஒன்றும் இராது.

மற்ற பெயர்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தென்கொரியாவின் க்யுங்புக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட நடுகைப் பேனாவே, டிஹெச்ஐ என்று இன்று விற்கப்படும் முறையின் உயிர்நாடி. துளையிடுவதும் நடுவதும் ஒரே செயலாக நடக்கும். முடியை எடுப்பது என்னவோ எஃப்யூஇ வழியில்தான். ‘சஃபையர்’ என்பது துளையிடும் கத்தியின் முனை எஃகுக்குப் பதில் நீலக்கல் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. ரோபோ 2011இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. அதுவும் எஃப்யூஇயின் எடுக்கும் வேலையைச் செய்யும் கருவிதான். ஆக, பலகையில் ஐந்து பெயர்கள் இருந்தாலும் அடிப்படை முறைகள் இரண்டே: நாடாவாக எடுப்பது, ஒவ்வொன்றாக எடுப்பது. மற்றவை கருவியின் பெயர்கள். கருவியின் பெயருக்காக இரட்டிப்புப் பணம் கேட்பவரிடம் இதனைத் தயங்காமல் சொல்லலாம்.

எந்த முறையாயினும் முடி வெளியே இருக்கும் நேரம் முக்கியம். உடலுக்கு வெளியே 2 மணி நேரம் இருந்த குடும்பங்களில் 95 விழுக்காடும், 24 மணி நேரம் இருந்தவற்றில் 79 விழுக்காடும் உயிர்பிழைத்தன என்று லிம்மர் கண்டறிந்தார். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்துவிடும். அஞ்ச வேண்டியதில்லை, வேர் உள்ளே இருக்கும். மூன்று, நான்கு மாதங்களில் முளைக்கத் தொடங்கி, முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். அடுத்த மாத நிக்காஹுக்காக இந்த மாதம் செய்துகொள்பவர், மணமேடையில் முன்பைவிடக் குறைந்த முடியோடு நிற்க நேரலாம்.

இப்போது நம் நகரத்துக்கு வருவோம். 2016 மே மாதத்தில் சென்னையில் ஒரு நிலையத்தில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளைஞர் உயிரிழந்தார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றுவந்த மருத்துவ மாணவர். மருத்துவம் அறிந்தவரே, அறிந்த நகரத்திலேயே, தகுதியான இடம் எது என்று தெரிந்துகொள்ள முடியாமல் போனார். அந்நிலையம் அழகு நிலையத்துக்கான உரிமத்தில் நடந்துவந்தது என்பது பின்னரே வெளிப்பட்டது. நிலையம் மூடி முத்திரையிடப்பட்டது. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த தமிழகத்தில் 1997இலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தும், அதற்கான விதிகள் 2018இல்தான் நடைமுறைக்கு வந்தன.

2019இல் மும்பையில் ஒரே அமர்வில் 9,500 முடிகள் நடப்பட்டதாகச் செய்திகள் சொன்ன ஒருவர் மறுநாட்களில் இறந்தார். டெல்லியிலும் அத்தகைய இறப்பு நிகழ்ந்து, உயர்நீதிமன்றம் 2022இல் இதைக் கருத்தில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பதிவுபெற்ற, முறையான பயிற்சி உள்ள மருத்துவரே இதைச் செய்ய வேண்டும். பட்டறைகளில் உட்கார்ந்தோ யூடியூபைப் பார்த்தோ கற்றது பயிற்சியாகாது என்று அது தெளிவாகக் கூறியது. இந்நாட்டின் உயர் மருத்துவ அமைப்பு யூடியூபின் பெயரை எழுதி எச்சரிக்க நேர்ந்தது என்றால் நிலைமை எவ்வளவு சீர்கெட்டிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனைக்கும் இது தோலின் மேற்பரப்பில் நடக்கும் சிகிச்சை. உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் மருந்திலிருந்து. லிக்னோகெயின் எனப்படும் அம்மருந்தை அட்ரினலினுடன் சேர்த்துக் கொடுக்கும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 7 மில்லிகிராம் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட உச்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் நட வேண்டும் என்று பேராசைப்பட்டால் சிகிச்சை பத்து மணி நேரம் நீளும். வலி திரும்பத் திரும்ப வரும். மருந்தும் திரும்பத் திரும்ப ஏற்றப்படும். அளவு மீறினால் மூளையும் இதயமும் தாக்கப்படும். ஒவ்வாமையும் எவருக்கும் நேரலாம். அந்நேரத்தில் ஆக்சிஜனும் உயிர்காக்கும் மருந்துகளும் அவற்றைக் கையாளத் தெரிந்த மருத்துவரும் அந்த அறையில் இருக்கிறார்களா என்பதே கேள்வி. எஃப்யூஇயா எஃப்யூடியா என்று நம் பிள்ளைகள் இரவெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம் கருத்தில் அது இரண்டாவது கேள்விதான். யார் செய்கிறார், எங்கே செய்கிறார் என்பதே முதல் கேள்வி. துளையிடுவது யார், மருத்துவரா உதவியாளரா என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சுற்றிவளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மார்க்கத்தின் பார்வையையும் இங்கே சொல்ல வேண்டும். நோயால் முடி உதிர்ந்த மணப்பெண்ணுக்கு ஒட்டுமுடி வைக்க அனுமதி கேட்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. நம் ஊரில் சவுரி என்று சொல்லும் பிறர் முடியை இணைப்பது அதனுள் அடங்கும். முடி மாற்று சிகிச்சையோ பிறருடையதை ஒட்டுவதன்று. தம் முடியே தம் தலையில் வேர்பிடித்து வளர்கிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னால் மூக்கு வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட செய்தியையும், வழுக்கைத் தலையருக்கு வானவர் தடவி முடி முளைத்த பனூ இஸ்ராயீல் மூவரின் செய்தியையும் கொண்டு, இழந்ததை மீட்பது படைப்பை மாற்றுவதாகாது என்று அறிஞர்கள் பலர் விளக்கினர். பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடியபோது அழகுச் சிகிச்சைகள் குறித்து எடுத்த தீர்மானத்தில், உதிர்ந்த முடிக்குப் பதிலாக நடுவதை அனுமதிக்கப்பட்டவற்றுள் சேர்த்தது. தீங்கு நன்மையை மிஞ்சக் கூடாது என்பது அனுமதியோடு சேர்ந்தே வரும் நிபந்தனை. தகுதியற்ற கைகளில் தலையைக் கொடுப்பவர் அந்த நிபந்தனையை மீறுகிறார் என்றே நாம் கருதுகிறோம்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். பெண்களுக்கு முடி பெரும்பாலும் தலை முழுவதும் பரவலாக மெலிகிறது, பின்தலையும் விதிவிலக்கன்று. நிலைத்த சேமிப்பு இல்லாதபோது இடம் மாற்றிப் பயனில்லை. தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றை முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஆண்களுக்கும் மருந்துகள் உண்டு. மினாக்சிடில் 1988இலும் ஃபினாஸ்டரைடு 1997இலும் வழுக்கைக்கான மருந்துகளாக அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மருத்துவர் ஆலோசனையின்றி அவற்றை உட்கொள்ளக் கூடாது. ஆனால் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நேரே அறுவைக்குத் தேதி குறிக்கும் நிலையம் நம் நலனை நாடுகிறதா என்று ஐயுறுவதில் தவறில்லை. நட்ட முடி நிற்கும், அதன் பின்னாலுள்ள பழைய முடி உதிர்ந்துகொண்டே போகும். சில ஆண்டுகளில் முன்நெற்றி முடி தனித்தீவாக நிற்கும்.

‘மாதத் தவணை’ என்று பலகையில் எழுதியிருப்பதையும் கவனியுங்கள். பெரும்பாலான தவணைத் திட்டங்களில் வட்டி உள்ளது. வட்டியில்லை என்று சொல்லப்படுபவற்றிலும் காகிதத்தைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். ஹலாலான ஒன்றை வட்டியின் வழியே அடைவது எப்படிப் பொருந்தும்?

நாள் குறிக்கும்போது வணக்கங்களையும் கணக்கில் கொள்ளுங்கள். நட்ட முடி உறுதியாகப் பிடிக்க ஒன்பது, பத்து நாட்கள் ஆகும். முன்நெற்றியில் நட்டவர் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தால் அழுத்தமும் உரசலும் ஏற்பட்டு, நட்டவை பெயர்ந்துவிடலாம். தொப்பியின் விளிம்பும் அவ்வாறே. முதல் நாட்களில் தலையில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் உளூவின் மஸஹும் கடமையான குளிப்பும் எப்படி என்ற கேள்வி எழும். காயத்துக்கான சலுகைகள் மார்க்கத்தில் உண்டு. ஆனால் தாமே விரும்பித் தேர்ந்த சிகிச்சைக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதை உங்கள் மஹல்லா ஆலிமிடம் சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மாத்திரைகள் வேளைக்கு வேளை உட்கொள்ள வேண்டியிருப்பதால் ரமளானில் செய்துகொள்ள வேண்டாம். உம்ராவுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டவர் அதனை முடித்துத் திரும்பிய பின் செய்துகொள்ளலாம். முன்பே செய்துகொண்டவர், மழிக்கும் கத்தி தலையில் படுவதற்குள் எவ்வளவு காலம் கழிய வேண்டும் என்று தம் மருத்துவரிடம் கேட்டறிந்து, அதற்கேற்பப் பயணத் தேதியை வைத்துக்கொள்ளட்டும்.